லாக் டிஸ்க்கில் பதினோரு காலைகள்

ஸ்டெல்லா, ஏட்டி ஸ்டெல்லா, புது டிஸ்க் வந்துவிட்டது.

உறையைப் பிரித்ததும் அதே வாசனை. போன தடவை மூக்கருகே வைத்து, "புது ரெயின்கோட் மாரில்லா மணக்கு" என்றாய். இன்று நான் மட்டும் முகர்ந்து பார்த்தேன்.

உங்களுக்குச் சொல்கிறேன். திருநெல்வேலியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் பிளஸ் டூ பெயில். அவள் பத்தாவதோடு நின்றவள், கடற்கரை ஊரான மணப்பாட்டுக்காரி. டிக்கெட் போட்டாலும் ரத்து செய்தாலும், கம்ப்யூட்டர் அதை முதலில் லாக் என்ற பைலில் எழுதும். மெஷின் படுத்துவிட்டால், முந்தின நாள் பேக்கப்பையும் லாக்கையும் வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். ஆனால் லாக் எழுதும் டிஸ்க் நிறைந்துவிட்டால் ஒரு டிக்கெட்கூட ஓடாது.

அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எங்களைக் கேட்டார்கள். பதினாலு நாள் லாக் கையில் இருக்க வேண்டும், அதற்கு மேல் பழசு தானாக அழிந்துவிடும். நான் பெரிய மேதை மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமை லாக்கை அளந்து பதினாலால் பெருக்கினேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"செவ்வாக்கெளமைக்கு எவ பஸ் ஏறுதா? ஆடி அமாவாசைக்குப் பாவநாசம் போற கூட்டத்த எண்ணுட்டீ. கல்யாண வீட்டுல ரெண்டு பேருக்கு ஒல வச்சிருக்கா!"

பதினாலு நாளும் ஆடி அமாவாசைக் கூட்டம் என்று வைத்தே இடம் விட்டோம்.

தினமும் ஆறரைக்கு, கவுண்டர் திறக்குமுன், சிஸ்டம் ஓடுகிறதா என்று பார்க்க அவள் ஒரு டிக்கெட் போடுவாள். பெயர் ஸ்டெல்லா, ஊர் மணப்பாடு, ஜன்னல் சீட். உடனே ரத்து செய்துவிடுவாள்.

"லீவு தரப் போறாங்களாக்கும்! சீட்டாவது போட்டுப் பாக்கேன்" என்பாள்.

வைகாசியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ரத்தான டிக்கெட் பயணிகள் பட்டியலில் இருக்காது. லாக்கில் மட்டும் இருக்கும். திறந்து பார்த்தேன். புரியாத குறிகளுக்கு நடுவே அவள் பெயர், மணப்பாடு. அடுத்த நாள் பதிவிலும் அதே. பதினாலு நாளில் அவள் வராத மூன்று போக, பதினோரு காலைகள் மிச்சமிருந்தன. வெளியே எடுத்துப் போக வழியில்லை. பென் டிரைவ் துளைகளை எல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள், செல்போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். தானாக அழிப்பதை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஆறரைக்கு அந்தப் பைலைத் திறப்பேன். பக்கத்து நாற்காலியைப் பார்க்க மாட்டேன்.

ஆடி அமாவாசை காலை எல்லாக் கவுண்டரும் நின்றுபோயின. ஆடி அமாவாசைக்கென்று அவள் விடச் சொன்ன இடத்தை நான் சேர்த்து வைத்த லாக் தின்றிருந்தது.

"ஏளா, என்ன செஞ்சு தொலச்ச? சனம் வாசல் வரைக்கும் நிக்கி!" மேனேஜர் அண்ணாச்சி கத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா, கையில் எள்ளுப் பொட்டலம்.

"எம் பொண்டாட்டி போயி மொத ஆடி, தாயி. ஆத்துல முங்கி அவளுக்கு ரெண்டு கை எள்ளும் தண்ணியும் எறைக்கணும். கோவப்படாம பைய ஒரு சீட்டு போட்டுக் குடு."

நடுவில் இருந்து உருவ முடியாது. லாக் ஒரு சங்கிலி. பழசிலிருந்துதான் கழற்ற வேண்டும். பழசு அவள்தான். பதினோரு காலைகளையும் அழித்தேன். கவுண்டர் ஓடியது. முதல் டிக்கெட் தாத்தாவுக்கு, ஜன்னல் சீட்.

இந்தப் புது டிஸ்க்கில் ஒரு வருஷ லாக் தாங்கும். இடம் இருக்கிறது. வைக்கத்தான் அவளுடைய ஒரு காலைகூட இல்லை.

கடற்கரைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் சீட் கிடைத்தால், மாதாவோ, அம்மனோ, அல்லாவோ, உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ஸ்டெல்லா வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.