பாதி சார்

பிஸ்கட்டை முதலில் இரண்டாக உடைக்கிறார். ஒரு பாதியைத் தட்டில் வைத்துவிட்டு மற்றதை மறுபடி இரண்டாக்குகிறார். அதையும் உடைத்து, இனி உடைத்தால் தூள்தான் என்ற நிலை வந்த பிறகே வாயில் போடுகிறார். தேநீர் அதற்குள் ஆறிப்போயிருக்கும். "ஆறட்டும் மேடம். சூடு எங்க போகும்னு நமக்குத்தான் தெரியுமே" என்பார். கணிதத் துறையில் அவருக்குப் பாதி சார் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நானில்லை; ஊரெல்லாம் பரப்பியது மட்டும் நான்தான்.

ஒரே அறையில் எதிரெதிர் மேசை எங்களுக்கு. நான் புள்ளியியல் ஆள். உத்தேசமாக ஒரு விடை கிடைத்தால் சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்புகிற ரகம். அவருக்கு அதெல்லாம் ஆகாது. ஓர் இரும்புத் தகட்டில் சூடு எப்படிப் பரவும் என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. அதை முழுசாகத் தீர்க்கப் பெரும்பாலும் முடியாது. ஆகவே தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சூட்டையும் பக்கத்துக் கட்டங்களைக் கொண்டு கணினியைக் கணக்கிடச் சொல்வார்கள். வந்த விடையை நம்பலாமா என்று பார்க்க, கட்டத்தின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவார். முறை சரியென்றால் பிழை கால் பங்காகக் குறைய வேண்டும்; குறைந்தால்தான் அவர் முகம் கொஞ்சம் இளகும். இத்தனை வருஷமாக இதுதான் வேலை.

இந்தப் புத்தி கணினியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வழி கேட்டால் இரண்டு பேரிடம் கேட்பார். அறைக்கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் படி இறங்கி, திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை இழுப்பார். "கல்யாணம் பண்ணிக்கிறியான்னு என்னையே ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு பதிலும் ஒத்துப்போச்சாம், அதனால தப்பிச்சேன்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒன்றை மட்டும் இரண்டாம் தடவை பார்க்காமல் விட்டிருக்கிறார்.

இளவயதில் அவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்து புதிதாக ஒரு கணக்கீட்டு முறை கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு பேர் பெயரும் உண்டு. நண்பரை இவர் 'குண்டு' என்றுதான் கூப்பிடுவார். தகட்டின் உள்பக்கத்துக் கணக்கு இவருடையது, விளிம்பைக் கணக்கிடும் வரிகள் குண்டுவுடையவை, சரிபார்த்தது இவர். சரிபார்ப்பதற்கு விடை தெரிந்த ஒரு கணக்கு வேண்டும். விளிம்பு முழுக்கச் சூடு பூஜ்யமாக இருக்கிற கணக்கை எடுத்துக்கொண்டார். எழுத லேசு, எல்லோரும் எடுப்பதுதான். பாதியாக்கிப் பார்த்தார், பிழை காலாகக் குறைந்தது. மறுபடி பாதியாக்கினார், மறுபடி காலானது. அதன் பிறகு எப்போது சோதித்தாலும் அதே கணக்குதான்.

போன வருஷம், மாணவர்களுக்குப் பயிற்சி தருவதற்காக, ஒரு மாறுதலுக்கு விளிம்பில் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று என்று போட்டார். விடை ஒத்துவரவில்லை. பாதியாக்கினார், பிழை அசையவில்லை. கணினியைத் திட்டினார், அணைத்துப் போட்டார், என் கணினியில் ஓட்டினார். ஊஹூம். குண்டு எழுதிய விளிம்பு வரியில், அங்குள்ள சூட்டைப் பெருக்குகிற எண் தவறு. எவ்வளவு பெரிய தவறாக இருந்தாலும் பூஜ்யத்தோடு பெருக்கினால் பூஜ்யம்தானே. அத்தனை காலமும் வெளியே தெரியாமல் இருந்துவிட்டது. "அவன் போட்டான், நான் பாத்தேன். பாக்கறேன்னு சொல்லிட்டுப் பாக்கல மேடம்" என்றார். அன்றைக்கு பிஸ்கட்டை அப்படியே முழுசாக வைத்துவிட்டுப் போனார்.

திருத்தம் எழுதி வைத்திருக்கிறார். அந்த முறையைப் பயன்படுத்துகிறவர்களைத் தேடித் தேடிப் போன் செய்து சொல்லிவிட்டார். ஆராய்ச்சி இதழுக்கு மட்டும் அனுப்பவில்லை. காரணம் குண்டு. பக்கவாதத்தில் வலப்பக்கம் போய், எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடக்கிறார். மூளை பழையபடிதான், வார்த்தைதான் ஒவ்வொன்றாக வரும். இதழ் வந்தால் அவர் மனைவி இந்தத் தவறையும் படித்துக் காட்ட வேண்டும். அந்த வீட்டில் சந்தோஷமாகப் பேச மிச்சமிருப்பது அந்த முறை ஒன்றுதான்.

"அப்ப எப்பத்தான் சார் அனுப்பப் போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் இருக்கற வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "அவன் எப்ப சாவான்னு காத்துட்டிருக்கேன், அதானே? எனக்கே அருவருப்பா இருக்கு மேடம்" என்றார்.

சனிக்கிழமைதோறும் என் காரில்தான் குண்டு வீட்டுக்குப் போகிறார். போன வாரம் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். மருந்து வாடை, ஜன்னலில் பாதி இழுத்த திரை. லேப்டாப்பைப் படுக்கையில் வைத்து, அதே பழைய கணக்கை ஓட்டினார். திரையில் சிவப்பும் நீலமுமாகத் தகடு நிறம் மாறியது.

"ஒத்துப்... போகுதா?" என்றார் குண்டு.

"போகுதுடா."

"பாதி... ஆக்கு."

ஆக்கினார்.

"கால்தானே?"

"காலேதான்டா."

குண்டு கண்ணை மூடிக்கொண்டார். இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது. நான் எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். அப்போது அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"விளிம்புல... என்ன?"

"சைபர்."

குண்டு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணு... வெச்சுப் பாரேன்."

பாதி சார் லேப்டாப்பை மூடினார். "சார்ஜ் போச்சுடா" என்றார்.

குண்டு இடக்கையை மெல்லத் தூக்கிச் சுவரைக் காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் இருந்தது.

"ஒயர் கொண்டு வரலடா. மறந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே, ஒயர் இருந்த பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். குனிந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தள்ளினார்.