நான் எழுதிய மறுபிறவி

மறுபிறவியில் எனக்குத் துளிக்கூட நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் கதைக்கு அது நல்ல சரக்கு. ஒருவனைச் சாகடித்து வேறு வீட்டில் பிறக்க வைத்தால் போதும், வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாராட்டிக் கடிதம் போடுவார்கள். அந்த ஆசையில்தான் மாட்டிக்கொண்டேன்.

திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு ஊரில் எனக்கு அப்போது வாத்தியார் வேலை. ஆட்சி மாறி, வயலுக்கு வயல் கொடி பறந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர்கள் யாரிடமும் துண்டுக் காகிதம் கிடையாது. மிராசுதாரின் அப்பா வாயால் சொன்னார், இவர்களுடைய அப்பாக்கள் உழுதார்கள், அவ்வளவுதான். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவர்களை லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்ததும் மிராசுதார் பயந்துபோனார்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த குத்தகைக்காரர் ஒருவர், குறுவைக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். அதே மாதம் மிராசுதாருக்குப் பேரன் பிறந்தான். இறந்தவரின் மனைவிக்குக் குத்தகைப் பதிவு மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? பாம்பு கடித்து இறந்த குத்தகைக்காரன் மிராசுதார் வீட்டிலேயே வாரிசாகப் பிறந்து நிலம் முழுவதையும் ஆள்வதாக ஒரு கதை எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கதை வந்தது. மிராசுதாரை நன்றாகக் குத்திவிட்டதாக எனக்கு ஒரே மிதப்பு.

மிராசுதாருக்குக் கோபமே வரவில்லை. அவருடைய காரியஸ்தர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போய், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டியிருக்கிறார். இரண்டு நாளில் அந்த அம்மா என்னிடம் வந்து, மனுவை விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

"அவரே அந்த வூட்ல பொறந்துருக்காரு. அவரு சொத்துக்கு நான் ஏன் வழக்காடணும்?"

"அது கதைம்மா. நான் சும்மா கட்டி எழுதுனது."

"பாம்பு கடிச்சது நெசந்தானேங்க? புள்ள பொறந்தது நெசந்தானே? மத்தது மட்டும் எப்புடி பொய்யாவும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "அச்சுல வந்துருச்சேங்க" என்றார். எழுதினவன் சொல்வதைவிட அவன் எழுதினதற்கு மதிப்பு அதிகம் என்றால், இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? கதை முழுக்கக் கற்பனை என்று நாலு வரி போடும்படி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். வாசகர்கள் மிகவும் ரசித்தார்கள், இதே மாதிரி இன்னொன்று அனுப்புங்கள் என்று பதில் வந்தது. கிழித்துப் போட்டேன்.

விசாரணையன்று அந்த அம்மா தாசில்தார் முன்னால், "நெலம் அவங்களுதுதாங்க, எனக்கு ஒரு பாத்தியதையும் இல்ல" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். நான் எழுதிய மனு மேஜை மேல்தான் கிடந்தது. அதை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தால் காரியஸ்தர் எனக்காகக் காபியோடு நிற்கிறார். "நல்லா எழுதுறீங்க சார், விடாம எழுதுங்க" என்றார். அந்தக் காபியை அவர் மூஞ்சியிலேயே ஊற்றியிருக்க வேண்டும்.

சம்பா அறுவடையில், அதுவரை தன் வீட்டுச் சாகுபடியாக இருந்த வயலில், அந்த அம்மா கூலிக்கு இறங்கினார். அது முடிந்து கொஞ்ச நாளில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மனசு மாறிவிட்டது, மறுபடி மனு எழுதக் கேட்கப் போகிறார் என்று நான் அவசரமாகப் பேனாவைத் திறந்தேன்.

அவர் மிராசுதார் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் குழந்தையைப் பார்த்திருக்கிறார். தவழ ஆரம்பித்திருந்ததாம். இவர் கை நீட்டியதும் வீரிட்டு அழுதிருக்கிறது. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கதையில ஒண்ண வுட்டுட்டீங்க வாத்தியாரய்யா" என்றார். "அவருக்கு என்னைய அடையாளம் தெரியும்னு ஒரு வரி சேத்து எழுதிடுங்க. அப்புறம் அழமாட்டாரு."