சமம் என்று சொன்னவர்

என் வீட்டுக்காரர் இறந்தபின், கிணற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு முக்கோணத் துண்டுகளைப் பங்கு பிரிக்க, கொழுந்தனார் திருத்தணியிலிருந்து ஒரு நில அளவையாளரைக் கூட்டி வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். டேப்பைச் சுருட்டும்போதெல்லாம் மண்ணைத் துடைத்துத்தான் சுருட்டுவார்.

"மூணு மூலையும் ஒண்ணுபோலகீது. ரெண்டும் சமம்தான். சந்தேகமா அண்ணி? நீங்க இன்னா கணக்கு டீச்சரா?" என்று சிரித்தார் கொழுந்தனார்.

அவர் மோட்டாரை நிறுத்தப் போனதும் அளந்தவரிடம் மெல்லக் கேட்டேன். "சமம்தானுங்களா?"

"இல்லம்மா. மூலை ஒத்துகினா வடிவம்தான் ஒண்ணு, அளவு பெருசு சின்னதா இருக்கலாம். மூணு பக்கமும் ஒத்துகினாதான் சமம்." டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, பக்கம் பக்கமாக அளந்து காட்டினார். எனக்கென்று ஒதுக்கியிருந்த துண்டு மூன்று பக்கத்திலும் குறைவாக இருந்தது.

"அதை அவருகிட்ட சொல்லுங்க."

அளந்தவர் டேப்பின் மண்ணைத் துடைத்துச் சுருட்டினார். கொழுந்தனார் வந்து கேட்டபோது, "ஆங், சமம்தாங்க" என்று சொல்லிக் கல்லை நட்டார்.

அந்தச் சின்னத் துண்டில்தான் இப்போது வேர்க்கடலை போடுகிறேன். பொய் சொல்லப் போகிறவர் எனக்கு எதற்காக அளந்து காட்டினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.