ஆயுத பூஜையும் ஒரு மெல்லிய காந்தமும்

கோவை பீளமேட்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கடைசி வருடம், என்னிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு சில்லு. படிகத்தை ஒட்டும் டேப்பால் உரித்து உரித்து, சில அணுக்களின் தடிமனுக்குக் கொண்டுவந்த குறைகடத்தி. நுண்ணோக்கியில் பார்த்தால் காய்ந்த தண்ணீர்க் கறை மாதிரி இருக்கும். அதைக் கடுங்குளிரில் வைத்து, காந்தப் புலத்தை ஏற்றி இறக்கி மின்தடையை அளந்தேன். ஏறும்போது ஓரிடத்தில் தடை தாவியது, இறங்கும்போது வேறோர் இடத்தில். சில்லு தானே காந்தமாகியிருந்தால் அப்படி வரும். என் கம்பி எங்காவது தளர்ந்திருந்தாலும் வந்து தொலைக்கும். இன்னொரு முறை அளந்து, அதே இடங்களில் தாவினால் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிடலாம்.

மறுநாள் ஆயுத பூஜை. கோவையில் லேத் பட்டறை முதல் ஆராய்ச்சிக்கூடம் வரை அன்று மெஷின்களை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைப்பார்கள். மறுபடி குளிரூட்ட நாளாகும் என்பதால் என் கருவியை மட்டும் நிறுத்தாமல், தொட வேண்டாம் என்று தாள் ஒட்டிவிட்டுப் பொரி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது, சில்லின் கம்பிகள் வந்து சேரும் பெட்டியில் சந்தனமும் குங்குமமும் ஈரமாக இருந்தன.

என் வழிகாட்டிப் பேராசிரியர் பட்டறைக் குடும்பத்துக்காரர். அந்தத் தாள் மற்றவர்களுக்கு என்று நினைத்துவிட்டார் போல.

“இதுக்கு மட்டும் பொட்டு வெக்காம உட்டா நல்லாவாங்க இருக்குது, அம்மணி? கம்பியக் கழட்டி, தொடச்சு, மறுபடி சொருகிப்போட்டேன்.”

கழற்றும் முன் எர்த் செய்ய வேண்டும். இல்லையென்றால் விரலில் இருக்கும் நிலைமின்சாரமே சில்லைக் கொன்றுவிடும். இதை முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அளந்து பார்த்தேன். சில்லு வழியே மின்சாரம் துளிகூடப் பாயவில்லை.

“போயிருச்சுங்களா?” என்றார்.

“போயிருச்சுங்க சார்.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சுண்டல் கொடுத்தார்கள், தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

சாயங்காலம் தன் அறைக்குக் கூப்பிட்டார். “ஒருக்கா வந்துச்சல்லங்க? அதையே எழுதிப்போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

“அது காந்தமான்னு எனக்கே தெரியலீங்க சார்.”

அவர் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு உரித்த எந்தச் சில்லிலும் தடை தாவவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்து, பட்டம் இல்லாமலே வெளியே வந்தேன். நான் பார்த்தது காந்தம்தானா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் ஆமாம் என்று என்னால் சொல்ல முடியாது.