பாகூரில் செம்பு நானோகம்பி செய்யும் இடத்துக்கு ஒரு காலைப் பயணம்

வேதியியல் முடித்த என் மகள் பவித்ராவுக்குப் பாகூர்ப் பக்கம் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் வேலை கிடைத்தது. செம்பு உப்புக் கரைசலிலிருந்து கண்ணுக்கே தெரியாத மெல்லிய கம்பிகளை வளர்க்கிறார்கள், தொடுதிரைக்கு ஆகுமாம். "குளுக்கோஸ்லதான் காய்ச்சுறோம், ஆபத்தே கெடையாது" என்று முதலாளி போனில் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை நானும் கூடக் கிளம்பினேன்.

வில்லியனூரில் காலை 7.40 பேருந்து, ஆளுக்கு 20 ரூபாய். பாகூர் சேர 8.35. மூலநாதரைக் கும்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் 3 கி.மீ., ஆளுக்கு 15.

முதலாளி செம்புக் கம்பிகள் மிதக்கும் செக்கச் செவேலென்ற குப்பி ஒன்றைக் காட்டினார். பூஜைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தாலே மறுவாரம் கறுக்கிறது. இது எத்தனை நாள் தாங்கும்?

"புதுசு சிவப்பாத்தான் இருக்கும். பழசக் காட்டுங்க" என்றேன்.

"இன்னாம்மா, சிபிஐயா நீ?" என்று பவித்ரா கிள்ளினாள்.

ஒரு மாதமாக ஜன்னலில் கிடந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து வந்தார். வெறும் கம்பி பூசியது கறுத்திருந்தது. கம்பிகளுக்கு மேல் வெள்ளி மெலிதாக ஏற்றியது அப்படியே மின்னியது. அதில் என் சந்தேகம் தப்பு.

ஆனால் அங்கே ஒரு நெடி. மூலையில் லேபிள் சுரண்டிய கேனிலிருந்து செல்வி (பெயரை மாற்றியிருக்கிறேன்) முகக்கவசமில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குளுக்கோஸ் இப்டி நாறாதே?"

"குளுக்கோஸு ஆறு மணி நேரம் இழுக்குதுக்கா. போன மாசத்துலேர்ந்து ஐட்ரசின். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"செல்வி, வேலையப் பாரு" என்றார் முதலாளி.

அவள் சொன்ன ஹைட்ரசின் என்ற ரசாயனம் மூச்சில் போனால் நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கும் என்று படித்திருக்கிறேன். பவித்ராவின் கிண்டல் நின்றது. "சார், பொகைய வெளிய இழுக்கிற ஹூட் எங்க?" அவர் ஜன்னலைக் காட்டினார். அவள் மேசையில் வைத்திருந்த தன் சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிள்ளைகளை இப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்புகிறவர்கள், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். கேன்களின் லேபிளைப் பாருங்கள். முதலாளியை விட்டுவிட்டு ஊற்றுகிறவரைக் கேளுங்கள். திரும்ப 11.10 பேருந்து.

ஆட்டோவுக்கு நிற்கையில் செல்வி குழாயடிக்கு வந்தாள். "நீயும் வந்துடு" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க. நாளைக்கு ஒலையில இன்னாக்கா போடறது? மொதல்ல கண்ணு எரியும், இப்ப நாத்தமே தெரியல" என்று சிரித்தாள்.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு அனுப்பிவிட்டேன். அதில் அவள் பெயர் இல்லை. ஆனால் சொன்னது யாரென்று முதலாளிக்குத் தெரியும்.