மிஹாலி போடாத கையெழுத்து

1. பேனா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பேனாவால் எறி வாங்கியவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கம், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், சான்ட்ரிங்ஹாமில் ஒரு ரெஸ்ட் ஹோம், முதியோர் இல்லம். ஊரில் சீமெந்து ஆலையில் தொழிற்சங்கம் நடத்தியவனுக்கு இங்கே கிழவர்களைப் பராமரிக்கும் கெயர்கிவர் உத்தியோகம். மிஹாலி என்ற கிரேக்கக் கிழவரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். நீட்டினேன். பேனா என் நெற்றியில் பட்டு விழுந்தது.

சார்ஜ் நர்ஸ் வசந்தா மதுரைக்காரி. "அவர் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டார் அண்ணே. அவர் மக வந்து போடும்" என்றார். இதை முன்னமே சொல்லியிருக்கலாம்.

குளிப்பாட்டும்போது மிஹாலியே காரணத்தைச் சொன்னார். கதைத்தது ஆங்கிலத்தில்தான், என் வாயில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரரை எதிர்த்து நின்ற அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி, பிறகு கிரேக்கத்தில் வந்த உள்நாட்டுப் போரில் தோற்றது. பிடிபட்டவர்களைத் தண்ணீரில்லாத தீவில் போட்டார்கள். 'கட்சியை விட்டேன், செய்தது பிழை' என்று கையெழுத்திட்டால் வீடு போகலாம். இடாதவனுக்கு அடி. இட்டவனோடு தோழர்கள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதுதான் கட்சி ஒழுங்கு.

எங்கள் ஊர்க் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று உடைந்தது எனக்குத் தெரியும். அவருடைய கட்சி என்னவாயிற்று என்று கேட்டேன்.

"ரெண்டா உடைஞ்சது. பிறகும் உடைஞ்சது. இப்ப சோவியத்தும் இல்லை. ஆனா நான் கையெழுத்துப் போடேல்லை."

அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். எனக்கு மரியாதையும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

2. பொரித்த மீன்

ஒடாஹுஹுவில் ஃபிஷ் அன்ட் சிப்ஸ் கடை வைத்திருந்த கோஸ்தா ஞாயிறு தோறும் வருவார். மிஹாலியின் ஊர்க்காரர். ஒன்றாகக் கட்சியில் சேர்ந்தவர்கள், தீவிலும் ஒரே கூடாரம். தாயைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி அழவைத்தபோது கோஸ்தா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மீன் பொட்டலத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருப்பார். மிஹாலி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மீன் ஆறிப்போகும். அவர் போனபின் நாங்கள் அதைக் குப்பையில் போடுவோம்.

ஒரு வார்த்தை கதையுங்கோ என்று மிஹாலியிடம் எத்தனையோ தரம் கெஞ்சினேன். "அவன் கையெழுத்துப் போட்டவன்" என்பதே பதில். நானும் விடவில்லை. துரோகி என்று ஒருவனை ஒதுக்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை எங்கள் ஊர் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களில் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

3. தேத்தண்ணீர்

அடுத்த குளிர்காலத்தில் மிஹாலிக்கு நினைவு கலங்கியது. மகளையே யாரென்று கேட்டார். ஒரு ஞாயிறு, கோஸ்தா மீனைப் பிய்த்து நீட்ட, வாயைத் திறந்தார். தின்றார். கோஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதைக்கவும் தொடங்கினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் போட ஓடினேன்.

திரும்பி வந்தபோது மிஹாலி சிரித்தபடி மென்றுகொண்டிருந்தார். கோஸ்தாவைக் காணவில்லை. கார் பார்க்கில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னை வேற ஆரோ தோழர் எண்டு நினைச்சிட்டான். 'கோஸ்தா கையெழுத்துப் போட்டிட்டானோ' எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை எண்டன். 'தெரியும், அவன் போடமாட்டான்' எண்டு சொல்லி என்ர கையைக் கொஞ்சினான்."

அதன்பிறகு அவர் வரவில்லை. பஸ் பிடித்துக் கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். பொரிக்கிற எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்த காலத்தில எண்டாலும், நான் ஆரெண்டு அவனுக்குத் தெரிஞ்சிருந்தது."

வசந்தம் வருமுன் மிஹாலி போய்விட்டார். சவப்பெட்டிக்குப் பின்னால் மகளும் வசந்தாவும் நானும் மட்டும் நடந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நினைவு போனவர் யாரையாவது கிட்டச் சேர்த்துக்கொண்டால், சமாதானமாகிவிட்டார்கள் என்று தேத்தண்ணீர் போட ஓடாதீர்கள். வந்தவரின் முகத்தைப் பாருங்கள்.