அண்ணன் அடிக்காத பெயிண்ட்

இந்த நினைவு மலருக்கு எழுதித் தந்த உறவினர்கள் எல்லோரும் அண்ணன் அவர்களைச் சாந்தமானவர், அனைவரையும் அனுசரித்துப் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். அண்ணன் சாந்தமானவர் அல்லர். உங்களில் பலரோடு அவர் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் அண்ணியிடம் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

திருமுக்கூடலுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரம் காலமானதால் பத்தாவதோடு படிப்பை விட்டுச் சென்னைத் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போனார். கப்பலில் வரும் இரும்புக் கன்டெய்னர்களைச் சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடிக்கும் யார்டு அது. அந்த உழைப்பில்தான் எனக்குத் திருமணம் செய்து வைத்தார். அவருக்கு வாய் கடுமை. வேலையில் அதைவிடக் கடுமை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் நான் வாழ்க்கைப்பட்ட சின்ன காஞ்சிபுரத்துக்கே குடிவந்து, வாலாஜாபாத் அரிசி மில்களில் தொட்டிகளுக்கும் கூரைகளுக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலை எடுக்கத் தொடங்கினார். அப்போது நான், பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்து முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தரும் கடை வைக்க நினைத்தேன். கட்டடம் எழுப்ப வசதியில்லை. எங்கள் காலி மனையில் வைக்க, பழைய கன்டெய்னர் ஒன்றை அண்ணனே பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

அதை இறக்கிய அன்றே பெரியப்பா திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். ஆவணி முகூர்த்தம், பத்தே நாள். அண்ணனோ பெயிண்ட் டப்பாவையே திறக்கவில்லை. முதல் இரண்டு நாளும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். காய்ந்ததும் இரும்பில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கடல் உப்புக் கரித்தால் மறுபடியும் கழுவுவார். பிறகு சுத்தியலால் துருவைத் தட்டி, கம்பி பிரஷ் மாட்டிய மெஷினால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தார். தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே, பொழுது சாயுமுன், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் வைத்துவிடுவார்.

எட்டாம் நாள் பெரியப்பா வந்து பார்த்தார். பாதிக்குப் பாதி சாம்பல் நிற பிரைமர், மீதி துரு. கூரையை இன்னும் தொடவில்லை.

“இன்னாபா, ஒரு டப்பாக்கு பெயிண்ட் அடிக்க இத்தினி நாளா?”

“கூரை பள்ளத்துல துரு ஓட்ட போட்டுக்கினு இருக்குது பெரிப்பா. அத வெட்டி எடுத்துட்டு, வேற தகடு வச்சி வெல்டிங் பண்ணணும். அப்பறம் பிரைமர். அது காஞ்சப்பறம் மேல ரெண்டு கோட்டு. நாளத் தள்ளி வையுங்க.”

“பத்திரிகை அடிச்சாச்சிபா.”

“அப்ப பத்திரிகைக்கு பெயிண்ட் அடிச்சிக்கோங்க.”

பெரியப்பாவின் முகம் சிவந்தது. நான் அவர் பக்கம் நின்றேன். “எல்லார் எதிர்லயும் என் மானத்த வாங்காத ணா. உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள வச்சிக்கிறேன்” என்றேன். அண்ணன் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவித் துடைத்து, மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பெரியப்பா அழைத்து வந்த ஆட்கள் இரண்டு பேர், கூரை ஓட்டையில் புட்டியை அடைத்து, துருவின் மேலேயே நீல எனாமலைப் பூசி மாலைக்குள் முடித்துவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. விழாவுக்கு வந்த நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள். அண்ணன் வரவில்லை.

ஐப்பசி மழையில் நீலம் செதில் செதிலாக உரிந்தது. ஒரு நாள் காலை கடையைத் திறந்தால், கூரையிலிருந்து ஒழுகிய துருத் தண்ணீர் ஒரு முகூர்த்தப் புடவையின் மடிப்புக்குள் இறங்கியிருந்தது. மாம்பழ நிறப் பட்டு. முந்தானை முழுக்கப் பழுப்புக் கறை. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. பெண்ணின் அம்மா தெருவில் நின்று கத்தினார். அந்தக் குடும்பத்தை என்னிடம் அனுப்பிய பெரியப்பாவும் அங்கே இருந்தார்.

“யாருமா இதுக்கு பெயிண்ட் அடிச்சது?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எங்க அண்ணன்தான்” என்றேன்.

பெரியப்பாவுக்கு உண்மை தெரியும். வாய் திறக்கவில்லை. இன்று இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

அந்தச் சொல் வாலாஜாபாத்வரை போனது. மில்காரர்கள் அண்ணனுக்குச் சொல்லியிருந்த வேலைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். தை மாதம் சித்தி மகள் கல்யாணப் பந்தியில் உங்களில் ஒருவர், “பெயிண்டர் வந்துட்டாரு, பொடவைய பத்திரமா வச்சிக்கோங்கமா” என்றார். பந்தியே சிரித்தது. அண்ணன் எழுந்து நின்றார்.

“அந்த பெயிண்ட நான் அடிக்கல. தோ உக்காந்துக்கினு இருக்கா, அவளையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். “தங்கச்சிய ஏம்பா மெரட்டற?” என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனார்.

மாசியில் ஒரு காலை, மெஷினோடு என் கடை வாசலில் வந்து நின்றார்.

“கடைய காலி பண்ணு.”

“எதுக்கு ணா?”

“ஊரே இது என் வேலன்னு சொல்லுது. என் வேலன்னா என் வேல மாதிரி இருக்கணும்.”

நீலத்தை முழுக்கச் சுரண்டி எடுத்தார். கூரையில் தகடு வைத்தார். மூலை, வெல்டிங் இணைப்பு, போல்ட்டுத் தலை எல்லாவற்றுக்கும் முதலில் பிரஷ்ஷால் பிரைமர் வைத்து, பிறகுதான் மொத்தத்துக்கும் அடித்தார். இரும்பு கையைச் சுடும் உச்சிவேளையில் வேலையை நிறுத்திவிடுவார். பன்னிரண்டு நாளும் தெருக் குழாயில் தண்ணீர் குடித்தார். கடைசி நாள் நான் கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அண்ணியோடு சென்னைக்கே திரும்பிவிட்டார். அவர் அடித்த பெயிண்டில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.

பல வருடங்கள் கழித்து அவர் நுரையீரல் கெட்டு அரசு மருத்துவமனையில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன்.

“ணா, பொய் சொன்னது நான்தான்.”

“இத ஏன் என்கிட்ட சொல்ற? எனக்குத் தெரியாதா? அவங்ககிட்ட போய் சொல்லு.”

“சொல்றேன் ணா.”

“நீ சொல்லமாட்ட.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலமானார். காரியத்தன்று நீங்கள் அத்தனை பேரும் கூடியிருந்தீர்கள். அன்றும் நான் சொல்லவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கையில் ஏந்திய அண்ணிக்கும், முறை வைத்து மருத்துவமனையில் காவலிருந்து, பாடையும் சுமந்த யார்டு தோழர்களுக்கும் என் வணக்கமும் நன்றியும். உறவினர்களாகிய உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைப் படித்தபின் என் வீட்டுப் படியை நீங்கள் மிதிக்காவிட்டாலும் போகட்டும். அண்ணி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். நான் கேட்டுவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

— தங்கை